தம்பியின் காதுக்குப் பின்னால் ஒரு குமிழ்
(டாக்டர் பா. இராமமூர்த்தியின் வாழ்வும் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையும்)

என் தம்பியின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சிறிய குமிழ் உண்டு. தொட்டால் கடலைப் பருப்பு போல் உணரலாம். முடிவெட்டும் கடைக்குப் போகும்போதெல்லாம் அம்மா கூடவே சென்று, அந்த இடத்தில் கத்தரி படாமல் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் அமர்வார். அந்தக் குமிழிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியில் கழுத்து, நெஞ்சு வழியாக இறங்கி வயிற்றுக்குள் செல்கிறது. தம்பியின் மூளையில் தேங்கும் நீரை அது வடித்துக்கொண்டே இருக்கிறது.

தம்பி பிறந்தது 2014இல். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். நான்கு மாதக் குழந்தையின் தலை வேகமாகப் பெருத்து வந்தது. பினாங்கில் ஒரு மருத்துவமனையில் மருத்துவர் மலாய்மொழியில் பொறுமையாக விளக்கினார். அப்பா வேலையில் இருந்தார். தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்குச் சந்தை மலாய் தெரியும்; மருத்துவர் பேசிய மலாய் புரியவில்லை. பதினொரு வயதுப் பையனாகிய நான்தான் மொழிபெயர்ப்பாளன். மூளையில் நீர் தேங்கியிருக்கிறது என்று அவர் சொன்னதை, மூளையில் தண்ணீர் புகுந்துவிட்டதாம் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தேங்கியது, புகுந்துவிட்டது. இரண்டே சொற்கள்தாம். அவற்றுக்கு இடையே இருந்த தூரத்தை நான் உணர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. அதை உணர்த்தியவர் நான் பிறந்த 2003ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒரு தமிழர். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க வந்த பிறகு, மூளை நீரைப் பற்றி முதன்முறையாகப் பாடமாகப் படித்தேன். நம் ஒவ்வொருவர் மூளைக்குள்ளும் நான்கு அறைகள் உள்ளன. அவற்றின் உட்புறத்தில் இருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பின்னல், இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த மனிதரிடம் எந்நேரமும் சுமார் 150 மில்லிலிட்டர் நீர் இருக்கும். ஆனால், ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லிலிட்டர். அப்படியானால் பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் வருவது நாள்தோறும் மூன்று நான்கு முறை நடக்கிறது என்று பொருள். அறைகளிலிருந்து ஒடுங்கிய வழிகளில் இறங்கி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, முடிவில் இரத்தத்திலேயே அது கலந்துவிடுகிறது. இந்த நீரில் மிதப்பதால்தான் ஒன்றரைக் கிலோ எடையுள்ள மூளை தன் எடையாலேயே நசுங்காமல் இருக்கிறது.

வழி அடைபட்டால் என்ன ஆகும்? குழாய் நிற்காத தொட்டியில் வடிகால் மட்டும் அடைத்துக்கொண்ட கதைதான். மண்டை ஓடு எலும்பால் ஆன பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லாதபோது அழுத்தம் ஏறும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மன்ரோ 1783இலும் கெல்லி 1824இலும் விளக்கிய உண்மை இது. குழந்தைகளுக்கு மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது என்பதால் தலை பெருக்கிறது. பெரியவர்களுக்குத் தலை பெருக்காது. வலி, வாந்தி, பார்வை மங்கல், பின் மயக்கம் என்று வரும்.

இதைப் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த நீரின் அழுத்தத்தோடு போராடிய தமிழர் யாராவது இருந்தார்களா? நூலகத்தில் தேடியபோது கிடைத்த பெயர்தான் டாக்டர் பா. இராமமூர்த்தி.

பாலசுப்பிரமணியம் இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். திருஞானசம்பந்தர் பிறந்த அதே சீர்காழி. நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர். ரஜூலா கப்பலில் நாகையிலிருந்து பினாங்குத் துறைமுகம் வந்து இறங்கிய என் பாட்டனாரும் அந்தப் பக்கத்துக்காரர்தாம். ஒரே மண்ணில் பிறந்தவர்களில் சிலர் ரப்பர் மரம் சீவ வந்தார்கள்; ஒருவர் மூளையைத் திறக்கக் கற்கச் சென்றார். எல்லாம் அவரவருக்கு வாய்த்த படிப்பைப் பொறுத்தது.

இராமமூர்த்தியின் தந்தை அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவர். மருந்து வாசம் வீசிய வீட்டில் வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம். திருச்சிராப்பள்ளியில் பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னர் 1835இல் தொடங்கப்பட்ட பழம்பெருமை வாய்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் பெற்றார்.

அன்றைய இந்தியாவில் மூளை அறுவை மருத்துவத்திற்கெனத் தனித்துறை எங்கும் இல்லை. பொது அறுவை மருத்துவர் சிலர் தலையில் அடிபட்டவர்களுக்குக் கைவைத்ததோடு சரி. அதைக் கற்பதற்காக இராமமூர்த்தி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசல் நகருக்குச் சென்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜி. எஃப். ரோபாதம். தலைக்காயங்களைப் பற்றி 1942இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலின் ஆசிரியர். அதன்பின் ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றைப் பார்வையிட்டுவிட்டு, கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் கழகத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் இருந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் பேச்சு, எந்த இடம் கை அசைவு என்று வரைபடம் வரைந்தவர் பென்ஃபீல்டு. மூளைக்குத் தனக்கென வலி உணர்வு கிடையாது என்பதால் அது முடிந்தது.

இவ்வளவும் கற்றவர் மேலைநாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவர் 1950இல் சென்னைக்குத் திரும்பினார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பணியைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். அவரும் பென்ஃபீல்டின் மாணவரே. ஆக, இத்துறை இந்தியாவில் வேர்விட்ட முதல் இரண்டு இடங்களில் இரண்டுமே தமிழ்நாட்டில் உள்ளவை. இதை எத்தனை பேர் அறிவோம்?

நண்பர்களே, 1950ஆம் ஆண்டின் மூளை மருத்துவர் கையில் என்ன இருந்தது என்று சற்று எண்ணிப் பாருங்கள். இன்று தலைவலி என்று சென்றாலே படம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். சி.டி. கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது 1971இல், இலண்டனில். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் பணியைத் தொடங்கியவர் இராமமூர்த்தி. சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும்; மூளை தெரியாது.

அப்படியானால் உள்ளே நடப்பதை எப்படி அறிவது? முதலில் நோயாளியின் பேச்சைக் கேட்க வேண்டும். வலி காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா? வாந்தி எடுத்தால் குறைகிறதா? பிறகு கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கண் நரம்பு மூளையின் ஒரு நீட்சி. அதைச் சுற்றியும் அதே நீர்தான் இருக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்சுவரில் நரம்பின் முனை வீங்கித் தெரியும். மண்டை ஓட்டில் இருக்கும் ஒரே சாளரம் அது.

அதற்கும் பிறகுதான் காற்று. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918இல் கண்டுபிடித்த முறை அது. மண்டையில் சிறு துளையிட்டு, மூளை அறையிலிருந்து நீரைச் சிறிது எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு நிழல் வீங்கியிருந்தால் நீர் தேங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபக்கம் கட்டி இருக்கிறது. நோயாளிக்குத் தாங்கமுடியாத தலைவலியைத் தரும் சோதனை. ஆபத்தும் உண்டு. இன்னொரு வழி, ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே 1891இல் அறிமுகப்படுத்திய முதுகுத்தண்டு ஊசி. ஆனால், மண்டைக்குள் பெரிய கட்டி இருக்கும்போது முதுகிலிருந்து நீரை எடுத்தால், மேலிருக்கும் அழுத்தம் மூளையைக் கீழ்நோக்கித் தள்ளி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். எங்கே ஊசி போடுவது என்பதைவிட எங்கே போடக்கூடாது என்று அறிவதே பெரிய கல்வியாக இருந்தது. அக்காலத்து மூளை மருத்துவர்கள் அனைவரும் இந்தக் கத்திமுனையில்தான் நடந்தார்கள்.

நியூகாசலிலும் மாண்ட்ரியாலிலும் கற்றவை மட்டும் சென்னைக்குப் போதவில்லை. நம் மக்களுக்கு வந்த நோய் வேறு. மேலைநாட்டு நூல்களில் மூளைக் கட்டி என்றால் பெரும்பாலும் புற்றுக்கட்டி. சென்னையிலோ, கட்டி என்று திறந்து பார்த்தால் அதில் கணிசமான பகுதி காசநோய்க் கட்டியாக இருந்தது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. மூளையுறையைத் தாக்கும்போது, மூளையின் அடிப்பகுதியில் தடித்த பசைபோன்ற கசிவு படிந்து நீர் செல்லும் வழியை அடைத்துவிடும். வறுமையும் நெரிசலும் உள்ள இடத்தில் குழந்தைகளின் தலையில் நீர் தேங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தக் காசநோய்க் கட்டிகளை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து உலக மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். நம் மண்ணின் நோயை நாமேதான் படிக்க வேண்டும், வேறு யாரும் நமக்காகப் படித்துத் தரமாட்டார்கள் என்பதை அவருடைய பணி காட்டுகிறது.

தலைக்காயம் அவர் கவனம் செலுத்திய மற்றொரு துறை. சாலை விபத்தில் அடிபட்டவர் எழுந்து நின்று பேசுவார். வீட்டுக்கே கூடப் போய்விடுவார். சில மணி நேரத்தில் மயங்கி விழுவார். மண்டை ஓட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசிந்து சேர்ந்து, மெல்ல மெல்ல அழுத்தம் ஏறியதே காரணம். நாடித்துடிப்பு குறைந்து இரத்த அழுத்தம் ஏறுவது அதன் அபாயமணி. உரிய நேரத்தில் ஒரு துளை இட்டால் உயிர் பிழைக்கும், தவறினால் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகள். தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பதை அவர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார். ஜேக்கப் சாண்டி, நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், மூளை மின்னலைகளை ஆராய்ந்த எஸ். டி. நரசிம்மன் ஆகியோருடன் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 29. நான்கு பேர் தொடங்கிய சங்கம்! நம் தமிழ்மொழிக் கழகத்தின் செயலவையில் இருப்பவர்கள் கூட அதைவிட அதிகம். சங்கத்தின் ஆய்விதழையும் அவரே ஆசிரியராக இருந்து வளர்த்தார். மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியை அளவுகோல் கொண்டு குறிவைத்து அணுகும் அறுவை முறையை வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோருடன் சேர்ந்து சென்னையில் வளர்த்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படும் டாக்டர் கனகா அந்தப் பட்டறையில் உருவானவர்தாம். ஆண்கள் மட்டுமே நின்ற அறுவைக்கூடத்தில் 1960களில் ஒரு தமிழ்ப்பெண் கத்தி பிடித்தார் என்பது சின்னச் செய்தி அன்று. இந்திய மாணவர்களுக்கு இந்திய நோய்களை விளக்கும் பாடநூல் வேண்டும் என்பதற்காக டாக்டர் பி. என். டாண்டனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த நரம்பியல் அறுவை நூல் 1980இல் வெளிவந்தது.

சென்னையில் நரம்பியலுக்கென ஒரு தனி நிறுவனம் எழும்ப, அவர் பணியைத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அரசுப் பணிக்காலம் முடிவை நெருங்கியபோதும் அவர் ஓயவில்லை. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் ஏழை எளியோருக்காகத் தொடங்கிய தன்னார்வ சுகாதாரச் சேவை மருத்துவமனையில், 1970களின் பிற்பகுதியில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பியல் மையத்தை உருவாக்கினார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி, வழியெல்லாம் மேடு என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் தமது 81ஆம் வயதில் காலமானார்.

தம்பிக்குப் பொருத்தப்பட்ட குழாயைக் கண்டுபிடித்தவர் இராமமூர்த்தி அல்லர். அந்தக் கதையும் உருக்கமானது. 1956இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பகுதியில் ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழில்நுட்பர், தலையில் நீர் தேங்கிய தம் மகனுக்காகவே ஒரு சின்னஞ்சிறு வால்வை உருவாக்கினார். யூஜின் ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் துணைநின்றார். மகன் நெடுநாள் வாழவில்லை. வால்வு உலகெங்கும் சென்றது. ஆனால், அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டவில்லை. நம் நோயை நாமே படிக்க வேண்டும் என்று இராமமூர்த்தியின் தலைமுறை விதைத்த விதை இங்கே பயன் தந்தது. இந்திய மருத்துவர்கள் உபாத்யாயா, சாப்ரா போன்றோர் குறைந்த விலையில் குழாய்களை வடிவமைத்தார்கள். உகாண்டாவில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சுமார் 35 டாலர் விலையுள்ள சாப்ரா குழாயையும் சுமார் 650 டாலர் விலையுள்ள மேலைநாட்டுக் குழாயையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

குழாய் பொருத்தியதோடு கவலை தீர்ந்துவிடாது. அது அடைபடலாம். 2019இல் ஐந்து வயதுத் தம்பி காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்; வாந்தி எடுத்தான்; பிறகு பகலெல்லாம் தூங்கினான். வயிற்றுக் கோளாறு என்று எண்ணி நாங்களே மூன்று நாள் வீணடித்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். நான்காம் நாள் கண்கள் மேலே பார்க்க முடியாமல் கீழ்நோக்கித் தாழ்ந்தபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். அன்றிரவே குழாயை மாற்றினார்கள். பிழைத்தான். காலைத் தலைவலி, வாந்தி, தூக்கம். இராமமூர்த்தி போன்றோர் படமெடுக்கும் கருவி இல்லாத காலத்தில் நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்தே கண்டறிந்த அதே அடையாளங்கள்தாம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்று நாள் படுத்துக்கிடந்தன. எங்களுக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த ஒரு விடுமுறை நாளில், ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மாவுக்கு மூளை நீரைப் பற்றித் தமிழில் விளக்கினேன். ஒரு தாளில் நான்கு அறைகளை வரைந்தேன். நீர் உள்ளேயே ஊறுகிறது என்றேன். கிணற்றில் ஊறுவது போலவா என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். வெளியிலிருந்து புகுவதில்லையா என்று மீண்டும் கேட்டார். ஒரு சொட்டுக்கூடப் புகாது, புகவும் முடியாது என்றேன்.

அம்மா நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, காலில் கிடத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகையில் ஒருநாள் கை தவறி அதிகமாக ஊற்றிவிட்டாராம். காதிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறிக் குழந்தை திணறியதாம். அந்தத் தண்ணீர்தான் மூளையில் புகுந்துவிட்டது என்று இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்திருக்கிறார். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்திற்கும் தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். செய்யாத குற்றத்துக்கு!

அந்தக் குற்றத்தை அம்மாவின் தலையில் வைத்தவன் நான். பதினொரு வயதில் தெரியாமல் செய்த பிழைதான். ஆனால், அதன் அழுத்தத்தை அம்மாவே தனியாகச் சுமந்தார். அதை வடிக்க எந்தக் குழாயும் இல்லை. சரியான ஒரு தமிழ்ச்சொல் போதுமானதாக இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்திருக்கும் நம்மில் பலர், வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவே வளர்ந்தவர்கள். மருத்துவமனையிலும் வங்கியிலும் அரசாங்க அலுவலகத்திலும் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பேசியவர்கள். அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறோம். தமிழைக் கழகக் கூட்டத்தில் பேசுகிறோம். இரண்டையும் ஒருசேர வைத்து வீட்டில் பேசியதுண்டா? இராமமூர்த்தி மேலைநாட்டில் கற்றதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நாம் விரிவுரை மண்டபத்தில் கற்பதை ஜெலுத்தோங்கிற்கோ பட்டர்வொர்த்திற்கோ நிபோங் திபாலுக்கோ கொண்டுபோனால் போதும். தொலைவு அவ்வளவு இல்லை.

தம்பிக்கு இப்போது பதினொரு வயது. மொழிபெயர்த்தபோது எனக்கிருந்த அதே வயது. சென்ற மாதச் சோதனையின்போது மருத்துவர் கூறியதை அவனே அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னான். நான் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.